பக்கம் யார் பற்றில்? நினைவகக் கணக்கின் வரலாற்றில் ஒரு பெங்களூர் அத்தியாயம்

தில்லியின் லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர்களுக்கான பொதுத் தொகுப்புக் குடியிருப்புகள் அமைந்த பகுதி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கு இயங்குவதால் தலைநகர்த் தமிழர்க்குப் பழகிய பெயரும்கூட. அங்குள்ள ஒரு குவார்ட்டர்ஸில் ஐந்து பேர் வாழலாம்; அவர்களுள் கணவன், மனைவி இருவருமே அரசுப் பணியில் இருக்கலாம். ஆனால் வீட்டுக்கான உரிமக் கட்டணம் ஒருவருடைய சம்பளத்தில் மட்டுமே பிடித்தம் செய்யப்படும். எவர் பெயரில் ஒதுக்கீடு ஆயிற்றோ அவரே கணக்கில் வருபவர். எவர் எந்த அறையை எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார் என்று எந்த எழுத்தரும் அளந்து பார்ப்பதில்லை. அளக்க முற்பட்டால் அதற்கு ஆகும் செலவு கட்டணத்தை விஞ்சிவிடும்.

2008 ஏப்ரலில் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பு, ஏறத்தாழ இதே விதியைக் கணினியின் நினைவகத்துக்கு எழுதிக்கொண்டது. நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் எவ்வளவு நினைவகம் கொள்ளலாம் என வரம்பு விதிக்கும் வசதி அப்பதிப்பில்தான் முதன்முதலாக இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலுக்குள் இடம்பெற்றது. ஒரு நினைவகப் பக்கத்தை முதலில் தொட்ட குழு எதுவோ, அதன் கணக்கில் அப்பக்கம் பற்று எழுதப்படும். பின்னால் வந்து அதே பக்கத்தைப் பயன்படுத்தும் குழுக்களுக்குச் செலவில்லை. இவ்விதியைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தின் இந்தியப் பிரிவில் பணியாற்றிய பல்பீர் சிங். டாக்கர், குபர்நெட்டீஸ் முதலிய இன்றைய மேகக் கணிமை அமைப்புகள் நினைவக வரம்பு என்று எதைச் சொன்னாலும் அது இக்கணக்கேட்டின் மேல்தான் நிற்கிறது. இந்தியக் கணினித் துறையின் வரலாறு பெரும்பாலும் மென்பொருள் ஏற்றுமதியின் வரலாறாகவே எழுதப்படுவதால், இந்த அத்தியாயம் உரிய கவனம் பெறவில்லை.

கேள்வி பழையது. ஒரு நிரல் எவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்துகிறது? கான்பூர் ஐஐடியில் 1963இல் ஐபிஎம் 1620 நிறுவப்பட்ட காலத்தில் இக்கேள்விக்கு இடமே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடியும்வரை இயந்திரம் முழுவதும் அதற்கே உரியது. பயனரிடம் கணக்குக் கேட்க வேண்டியது நேரத்தை மட்டுமே. பல வேலைகள் ஒரே சமயத்தில் நினைவகத்தில் தங்கத் தொடங்கிய பிறகு, இடத்தையும் நேரத்தையும் பெருக்கிக் கட்டணம் வகுக்கும் முறைகள் வந்தன. யூனிக்ஸ் வைத்த கணக்கேட்டில் ஒவ்வொரு நிரலும் முடிந்ததும் ஒரு வரி எழுதப்படும். அதில் சராசரி நினைவகப் பயன்பாட்டுக்கென ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் எழுதப்படும் எண்ணுக்கு அன்று தெளிவான பொருள் இருந்தது.

அந்தத் தெளிவைக் குலைத்தது பகிர்வு. ஒரு நிரல் தன்னைப் பிரதி எடுத்துப் பிள்ளை நிரலை உருவாக்கும்போது பக்கங்கள் உண்மையில் பிரதி எடுக்கப்படுவதில்லை. எவரேனும் எழுத முற்படும்வரை இருவரும் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பர். 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 போன்ற அமைப்புகளில் பொது நிரலகங்களைப் பல நிரல்களும் ஒரே பிரதியாகப் பகிர்ந்துகொள்ளும் முறை வேரூன்றியது. இதன்பின் எளிய கூட்டல்கூடப் பொய்யாயிற்று. நூறு நிரல்கள் 2 மெகாபைட் அளவுள்ள ஒரு நிரலகத்தைப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் கணக்கிலும் அந்த 2 மெகாபைட் காட்டப்படும். கூட்டினால் 200 வரும். நினைவகத்தில் இருப்பதோ 2 மட்டுமே. லினக்ஸில் ஒரு நிரலின் 'தங்கு நினைவகம்' எனக் காட்டப்படும் எண்ணுக்கு இன்றளவும் இக்குறை உண்டு.

வரம்பு விதிப்பதில் நிலைமை இன்னும் மோசம். தங்கு நினைவகத்துக்கு மேல்வரம்பு வைக்கும் ஒரு கட்டளை யூனிக்ஸ் மரபில் இருந்தது. லினக்ஸ் அதை ஏற்றுக்கொண்டதுபோல் காட்டியதே தவிர நடைமுறைப்படுத்தவில்லை. 2.6 வரிசையில் அவ்வரம்பைக் குறிப்பிட்டால் கெர்னல் வாங்கி வைத்துக்கொள்ளும், வேறொன்றும் செய்யாது. அரசு அலுவலகங்களில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை மட்டும் குத்தித் தருவது நினைவுக்கு வரலாம்.

2000களின் நடுவில் இந்த நிலை தாங்க முடியாததாயிற்று. ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்து வலைத்தள விடுதி நடத்திய நிறுவனங்கள் ஒருபுறம். ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் பலவகை வேலைகளைக் கலந்து ஓட்டிய கூகுள் மறுபுறம். எஸ்டபிள்யூசாஃப்ட் நிறுவனத்தின் ஓபன்விஇசட் குழுவினர் 'பீன்கவுண்டர்' என்ற கணக்கு முறையைத் தம் கெர்னலில் வைத்திருந்தனர். ஆங்கிலத்தில் கணக்கரைக் கேலியாகக் குறிக்கும் சொல் அது. தமிழில் 'கணக்கப்பிள்ளை' என்று பெயரிட்டிருந்தால் கேலி குறைந்து பொருத்தம் கூடியிருக்கும். ஐபிஎம் பொறியாளர்கள் சிலர் சிகேஆர்எம் என்ற விரிவான வளப் பங்கீட்டுத் திட்டத்தை முன்வைத்தனர். அது அளவிலும் சிக்கலிலும் பெரிதாக இருந்தது. முதன்மைக் கெர்னலுக்குள் இடம்பெறவில்லை. கூகுளிலிருந்து ரோஹித் சேத், பின்னர் பால் மெனேஜ் ஆகியோர் நிரல்களைக் குழுக்களாகத் தொகுக்கும் சட்டகத்தைக் கொண்டுவந்தனர். அதுவே 'கண்ட்ரோல் குரூப்' என்ற பெயரில் 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது. குழு உண்டு, ஆனால் குழுவின் நினைவகத்தை எண்ணுபவர் இன்னும் இல்லை.

பல்பீர் சிங் இத்துறைக்குப் புதியவரல்லர். 2006இல் வந்த 2.6.18 பதிப்பில், ஒரு நிரல் செயலிக்காகவும் வட்டுக்காகவும் எவ்வளவு நேரம் காத்திருந்தது எனக் கணக்கிடும் பகுதியை ஷைலப் நாகருடன் இணைந்து அவர் எழுதியிருந்தார். அதே ஆண்டின் இறுதியில் நினைவகக் கட்டுப்பாட்டுக்கான கருத்துக் கோரல் ஒன்றை முன்வைத்தார். அதன் நோக்கம் தம் திட்டத்தை நிலைநாட்டுவதன்று. போட்டியிட்ட பல திட்டங்களுக்கு நடுவே, எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய குறைந்தபட்சத் தேவைகள் எவை என்று வரையறுப்பதே. தொழில்நுட்ப வரலாறுகளில் இத்தகைய ஆவணங்கள் அரிதாகவே கொண்டாடப்படுகின்றன. ஆனால் திட்டங்கள் பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 2007 பிப்ரவரியில் முதல் நிரலை அவர் அனுப்பினார். ஓபன்விஇசட் குழுவின் பவேல் எமெலியானோவ் அதன்பின் மூன்று பதிப்புகளை அனுப்பினார். போட்டியாளர் ஒருவரின் பணியை மற்றவர் எடுத்து வளர்க்க, மீண்டும் முதலாமவர் அதைத் தொடர என்று அவ்வாண்டு நகர்ந்தது.

விவாதத்தின் மையத்தில் இருந்தவை இரண்டு கேள்விகள். முதலாவது, எதை எண்ணுவது? ஒரு நிரல் தன் முகவரி வெளியில் இணைத்துக்கொண்ட பக்கங்களை மட்டும் எண்ணினால் போதுமா, அல்லது அது கோப்புகளைப் படிக்கும்போது கெர்னல் தன் போக்கில் சேர்த்து வைக்கும் கோப்புப் பக்கங்களையும் சேர்க்க வேண்டுமா? ஐபிஎம்மின் வைத்யநாதன் சீனிவாசன் பின்னதற்கெனத் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றை எழுதினார். 2007இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் இது குறித்துக் கூடியவர்கள், இரண்டையும் பிரிக்காமல் ஒரே கணக்கில் கொணர வேண்டும் என்றனர். அவர்கள் வாதம் வலுவானது. இணைக்கப்பட்ட பக்கங்களை மட்டும் எண்ணினால், பெரிய கோப்புகளை இடைவிடாது படிக்கும் ஒரு குழு தன் வரம்பைத் தொடாமலேயே இயந்திரத்தின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும். பல்பீர் சிங்கும் சீனிவாசனும் அக்கருத்தரங்கில் நினைவகக் கட்டுப்பாட்டின் சிக்கல்களையும் செயல்திறனையும் பற்றிக் கட்டுரை அளித்தனர். அதன்பின் வந்த நிரல் இரண்டு வகைப் பக்கங்களையும் ஒன்றாகவே எண்ணியது.

இரண்டாவது கேள்வி, பகிர்ந்த பக்கம் எவர் கணக்கில்? எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் நீதி எனத் தோன்றும். வியப்புக்குரியது என்னவெனில், அதே 2.6.25 பதிப்பில் அந்த விடையும் இடம்பெற்றது. 'விகிதாசாரப் பங்கு' என்ற அளவை அப்போது சேர்க்கப்பட்டது. ஒரு பக்கத்தை நான்கு நிரல்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றின் கணக்கிலும் கால் பக்கம். இதில் எல்லா நிரல்களின் எண்களையும் கூட்டினால் உண்மையான அளவு சரியாக வரும். ஆண்ட்ராய்டு இன்றும் செயலிகளின் நினைவகத்தை இந்த அளவையால்தான் விவரிக்கிறது. ஒரே கேள்விக்கு ஒரே வெளியீட்டில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகள். இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

முரண் போலத் தோன்றினும் இதற்குக் காரணம் உண்டு. விகிதாசாரப் பங்கு பார்வையிடுவதற்கான எண். கேட்கும்போது கணக்கிட்டுச் சொன்னால் போதும். அதை வரம்பாக ஆக்க முடியாது. பங்காளி ஒருவர் விலகினால் எஞ்சியவர் பங்கு தானே கூடும். ஒரு குழு எதுவும் செய்யாமல் அமைதியாக இருக்கையில், பக்கத்துக் குழு முடிந்து போனதால் இதன் கணக்கு உயர்ந்து வரம்பை மீறி, இதன் நிரல் கொல்லப்படலாம். முதல் தொடுகை விதியில் இந்த ஆபத்து இல்லை. தொட்டவர் ஒருவர், பற்று ஒன்று, கணக்கு நிலையானது. அதை எழுதவும் அழிக்கவும் ஆகும் செலவும் சிறிது. ஒரு பகிர்ந்த பக்கத்தை உண்மையிலேயே மிகுதியாகப் பயன்படுத்தும் குழு நாளடைவில் அதற்கான பற்றைத் தானே ஏற்றுக்கொள்ள நேரும் என்று கெர்னலின் ஆவணம் நியாயம் கூறியது. நெருக்கடியில் முதலாமவரிடமிருந்து பக்கம் பறிக்கப்படும். பிறகு அதை மீண்டும் தொடுபவர் எவரோ அவர் கணக்கில் ஏறும். இந்த வாதம் அழகானது; நெருக்கடி வராத இயந்திரங்களில் உண்மையாகாதது.

இதன் விலையைப் பேசாமல் இந்த வரலாற்றைச் சொல்லலாகாது. கணக்கு எழுத ஏடு வேண்டும். ஏடும் நினைவகத்தில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அது எக்குழுவின் பற்றில் உள்ளது என்ற குறிப்பு தேவைப்பட்டது. 2.6.28இல் ஃபுஜித்சுவின் காமேசாவா ஹிரோயுகி முயற்சியால் அக்குறிப்புகள் இயந்திரம் தொடங்கும்போதே ஒதுக்கப்படும் தனி அட்டவணைக்கு மாறின. 64 பிட் இயந்திரத்தில் 4,096 பைட் கொண்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் 40 பைட். நூற்றுக்கு ஒன்று என்று அலட்சியமாகச் சொல்லலாம். 16 கிகாபைட் இயந்திரத்தில் அது 160 மெகாபைட். குழுக்களே உருவாக்காத பயனரும் இதைச் செலுத்த வேண்டும். டெபியன் நெடுங்காலம் இவ்வசதியைச் சேர்த்துவைத்தும், தொடக்கத்தில் தனியாகக் கேட்டால் ஒழிய இயக்காமல் விட்டதற்கு இதுவே காரணம். நேரத்திலும் விலை இருந்தது. பல செயலிகள் ஒரே எண்ணைக் கூட்டவும் கழிக்கவும் முந்தும்போது அந்த எண்ணே நெரிசலாகிறது. ஒவ்வொரு செயலியும் 32 பக்கங்களுக்கான பற்றை மொத்தமாக முன்கூட்டி எழுதிக்கொண்டு, பிறகு அதிலிருந்து சில்லறையாகச் செலவழிக்கும் ஏற்பாட்டால் அது தணிந்தது. நாள்தோறும் கருவூலத்துக்கு ஓடாமல் முன்பணம் வாங்கி வைத்துக்கொள்ளும் அலுவலக வழக்கம்தான். 2015இல் வந்த 3.19 பதிப்பில், ரெட் ஹேட்டின் ஜொஹானஸ் வைனர் 40 பைட் அட்டவணையை நீக்கி, ஒவ்வொரு பக்கத்தின் அடிப்படைக் குறிப்பிலேயே ஒரு சுட்டியாகச் சுருக்கினார். ஏழாண்டுக் காலச் சுற்றுக்குப் பின் கணக்கு தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே திரும்பி வந்தது. ஆனால் எவ்வளவோ இலகுவாக.

இம்மாற்றங்களின் தடத்தைக் காண விரும்பும் மாணவர் 'மெம்கண்ட்ரோல்.சி' என்ற மூலநிரல் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கலாம். திருப்பணி செய்தவர் பெயர்கள் காலந்தோறும் சேர்க்கப்பட்ட கோயில் கல்வெட்டுப் போன்றது அது. முதலில் ஐபிஎம், 2007, ஆசிரியர் பல்பீர் சிங். அடுத்து ஓபன்விஇசட், ஆசிரியர் பவேல் எமெலியானோவ். பின்னர் நோக்கியாவின் கிரில் ஷுதெமொவ், பேரலல்ஸின் கிளாபர் கோஸ்டாவும் கூகுளின் சுலைமான் சூலாலும், ரெட் ஹேட்டின் வைனர், அலிபாபாவின் அலெக்ஸ் ஷி. காப்புரிமை நிறுவனத்துக்கு, ஆக்கம் தனிமனிதருக்கு என்று இரு தனி வரிகள். பெங்களூரில் இருந்து எழுதப்பட்டது என்பது எந்த வரியிலும் இல்லை. அதைப் பழைய மடல்களின் கீழே உள்ள கையொப்பங்களில்தான் தேட வேண்டும். அதே மையத்தில் இருந்துதான் கெர்னலின் கேப்ரோப்ஸ் ஆய்வுக் கருவியின் பெரும்பகுதியும் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 2000களின் இந்திய மென்பொருள் உழைப்பைக் கடைநிலைப் பணி என்று மட்டுமே விவரிக்கும் ஆய்வுகள் தம் சான்றுத் தளத்தை விரிக்க வேண்டியிருக்கிறது என்பது புலப்படும்.

கிளாபர் கோஸ்டாவின் பங்கு தனியாகக் குறிப்பிடத்தக்கது. முதல் கணக்கேடு பயனர் நிரல்களின் பக்கங்களை மட்டுமே எண்ணியது. ஒரு நிரலுக்காகக் கெர்னல் தானே செலவழிக்கும் நினைவகம், அதாவது கோப்புப் பெயர்களின் பதிவுகள், வலையமைப்புத் தாங்கிகள் போன்றவை, எவர் கணக்கிலும் இல்லை. கோடிக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கும் ஒரு குழு, வரம்புக்குள் இருந்தபடியே இயந்திரத்தை வீழ்த்த முடிந்தது. 2013இல் 3.8 பதிப்பு இதை எண்ணத் தொடங்கியது. 2016இல் முதிர்ந்த இரண்டாம் தலைமுறைக் குழு அமைப்பு அதை இயல்பாகவே ஆக்கியது.

எண்ணுவது என்பது இங்கு வெறும் புள்ளிவிவரமன்று. வரம்பு மீறப்பட்டு, மீட்டெடுக்கப் பக்கங்களும் இல்லாதபோது கெர்னல் அக்குழுவின் நிரலைக் கொல்கிறது. பல்கலைக்கழகக் கணினித் தொகுதிகளில் பணி அனுப்பிய ஆய்வு மாணவர் பலர் 137 என்ற முடிவு எண்ணைக் கண்டிருப்பர்: 128உடன், கொல்லும் சமிக்ஞையின் எண்ணான 9ஐக் கூட்டியது. முதல் தொடுகை விதி இவ்விடத்தில் நேராக உறைக்கிறது. சாதாரணக் கோப்புப் பக்கங்களால் பெரும் தீங்கில்லை; நெருக்கடியில் கெர்னல் அவற்றைக் கைவிட்டு மீண்டும் வட்டிலிருந்து படித்துக்கொள்ளும். ஆனால் நினைவகத்திலேயே வாழும் பகிர்வுக் கோப்புகளை, மாற்று வட்டிடம் இல்லாத இயந்திரத்தில், கைவிட முடியாது. பைடார்ச்சில் தரவு ஏற்றும் துணை நிரல்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் இவ்வகை. அதை முதலில் தொட்ட குழு எதுவோ அது முழுச் சுமையையும் தாங்குகிறது. இரு கொள்கலன்கள் அதைப் பகிர்ந்தால், ஒன்று வரம்பில் மூச்சுத் திணற மற்றது இலவசமாகப் பயணிக்கும். எது எது என்பதைத் தீர்மானிப்பது எது முதலில் தொடங்கியது என்பதே. விகிதாசாரப் பங்கைக் காட்டும் கருவியைத் திறந்து பார்க்கும் மாணவர், கொல்லப்பட்ட நிரலின் எண் வரம்பில் பாதிகூட இல்லை என்று குழம்புவார். இரண்டு எண்களும் சரியானவை.

இடமாற்றம் நேரும்போதும் இதே பிடிவாதம். ஒரு நிரலை வேறு குழுவுக்கு மாற்றினாலும் அது முன்பு தொட்ட பக்கங்களின் பற்று பழைய குழுவிலேயே நிற்கும். முதல் தலைமுறையில் பற்றையும் உடன் மாற்றும் ஒரு விருப்பத் தேர்வு இருந்தது. அது செலவும் பிழையும் மிகுந்ததாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது, இரண்டாம் தலைமுறையில் சேர்க்கப்படவே இல்லை. ஒதுக்கீடு பெற்றவர் இடமாற்றத்தில் சென்ற பிறகும் வீடு சில காலம் அவர் பெயரிலேயே தொடர்வதை அறிந்தவர்க்கு இது அயலாகத் தோன்றாது.

குழுவே அழிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வியாக மிஞ்சியது. நிரல்கள் முடிந்துவிட்டன, குழுவின் பெயரும் நீக்கப்பட்டது, ஆனால் அது முதலில் தொட்ட ஒரு நிரலகத்தின் பக்கங்களைப் பிற குழுக்கள் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. அப்பக்கங்கள் இருக்கும்வரை, பற்றைத் தாங்க அந்தக் குழுவின் கணக்கேடும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான கொள்கலன்களைத் தொடங்கி முடிக்கும் இயந்திரங்களில் இத்தகைய இறந்தும் இறவாத ஏடுகள் குவிந்தன. அவற்றை எண்ணிக் காட்டவே கெர்னலில் தனி எண் ஒன்று சேர்க்கப்பட்டது. கெர்னலின் உட்பொருட்களுக்கான பற்றைப் பெற்றோர்க் குழுவுக்கு மாற்றித் தரும் வழியை ரோமன் குஷ்சின் 2020இல் 5.9 பதிப்பில் அமைத்தார். பயனர் பக்கங்களுக்கும் அதையே செய்யும் நோக்கில் மூச்சுன் சோங் 2021 தொடங்கிப் பல சுற்றுத் திருத்தங்களை அனுப்பினார். இரண்டாம் தலைமுறை அமைப்பின் ஆவணமோ, பல குழுக்கள் பயன்படுத்தும் ஒரு பகுதி எதன் கணக்கில் ஏறும் என்பது உறுதியாகச் சொல்லத்தக்கதன்று என வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. போதிய இடம் உள்ள ஒரு குழுவில் அது நாளடைவில் சென்று தங்கும் என்பது மட்டுமே அங்குள்ள எதிர்பார்ப்பு.